எர்த் கம்பி அறுந்தால் விளக்கு அணையாது



வீட்டிலே பீஸ் போனால் விளக்கு அணைந்துவிடும், உடனே தெரியும். எர்த் கம்பி அறுந்தால்? விளக்கு எரியும், மிக்சி ஓடும், ஒன்றுமே தெரியாது. ஒரு கிராமத்தில் எர்த் குழாயில் எருமையைக் கட்டியிருந்தார்கள். அது இழுத்த இழுப்பில் கம்பி அற்றுத் தொங்கியது. எத்தனை நாளாக என்று கேட்டேன், வீட்டுக்காரருக்கே தெரியவில்லை.

கிரைண்டருக்குள்ளோ தண்ணீர் மோட்டாருக்குள்ளோ ஒயர் மேலுறை கெட்டால், மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் ஏறும். அதை மண்ணுக்குக் கொண்டுபோவது எர்த் கம்பிதான். அது இல்லையென்றால் தொட்டவர் உடம்பு வழியாக இறங்கும்.

எந்தக் கம்பி வாங்கணும்? சாதாரண வீட்டில் குழாயிலிருந்து மெயின் போர்டு வரைக்கும் பொதுவாகப் போடுவது 8-ம் நம்பர் ஜி.ஐ. கம்பி, கனம் சுமார் 4 மில்லிமீட்டர். நம்பர் கூடக்கூடக் கம்பி மெலியும், ஏமாந்துவிடாதீர்கள். வேலிக்கு வாங்கி மிஞ்சிய கம்பி உதவாது. ஜி.ஐ. குழாயில் செம்புக் கம்பியை நேரே முறுக்கினால், ஈரத்தில் குழாயின் முலாம் அரித்துப்போகும்.

குழாய் 40 மில்லிமீட்டர் உள்விட்டம், 2.5 மீட்டர் நீளம் இருக்கட்டும். சுவரிலிருந்து 1.5 மீட்டராவது தள்ளிப் புதைக்கணும். கரியோடு போடும் உப்பு ஈரத்தைப் பிடிக்கும், இரும்பையும் அரிக்கும். அதனால் கம்பி சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி சிறு தொட்டிக்குள் இருக்கணும்.

கம்பியை மண்வெட்டி படாத ஆழத்தில், பி.வி.சி. குழாய்க்குள் கொண்டுபோங்கள். நடுவிலே ஒட்டு வேண்டாம். முனையை வெறுமனே முறுக்காமல் கிளாம்ப், போல்ட்டு, வாஷர் போட்டு இறுக்கணும். எர்த் கம்பியில் பீஸோ சுவிட்சோ வரவே கூடாது. மாடு கட்டுவது, துணிக்கொடி கட்டுவது இரண்டும் ஆகாது.

கோடையில் மண் காய்ந்தால் மின்சாரம் தாராளமாக இறங்காது. பீஸ் போகிற அளவுக்கு ஓடாது. ஆகவே தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் அது தானே இணைப்பைத் துண்டிக்கும்.

இன்று மாட்டுக்கு வைக்கோல் போடப் போகும்போது எர்த் குழாயை ஒரு பார்வை பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் கை வைக்காதீர்கள். அதில் மின்சாரம் இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.