ஆறுமுன் உண்ண வேண்டிய அடை

பேக்கரி பன்னுக்கும் கேழ்வரகு அடைக்கும் உள்ள வேறுபாடு மாவிலேயே தொடங்கிவிடுகிறது. கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் இழையிழையாகப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் வெளிவிடும் வாயுவை அது பிடித்து வைப்பதால் பன் உப்புகிறது. காலையில் சுட்டது மாலையிலும் மெத்தென்று இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. வெந்நீர் விட்டுப் பிசைவது அதனால்தான்: சூட்டில் மாவுச்சத்து பசையாகி உருண்டைக்குப் பிடிமானம் தருகிறது. சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்து, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் போட்டு எடுத்த அடை ஆறினால் இறுகிப்போகும். இதைக் குறை என்பார்கள். வீட்டாரை ஒரே நேரத்தில் அடுப்பங்கரைக்கு அழைத்து வருவதே இந்தக் குறைதான் என்பேன் நான். பொட்டலத்தில் வரும் பன்னுக்காக யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம்; அது மானாவாரி பூமி. சின்ன வெங்காயத்திலும் மக்காச்சோளத்திலும் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று. வெங்காயம் வீட்டுச் சமையலுக்கு வருகிறது. மக்காச்சோளமோ பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது. ரேஷன் அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையில்லாமலும் கிடைத்ததில் ஏழை வீடுகளின் பசி தணிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அரிசிச் சோறு தினமும் இருக்கும் வீட்டில் அடைக்கும் ஒரு வேளை ஒதுக்க முடியும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்குதான்.

எல்லாரும் சுடச்சுட உண்ண, அடுப்படியில் நிற்பவள் கடைசியில் ஆறியதை உண்பதுதானே நம் வீட்டு வழக்கம் என்று கேட்டால், அது முற்றிலும் நியாயமான கேள்வி. பாட்டி காலத்துப் பந்தியைப் போற்றுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவக் கூடாது. ஒருத்தியின் முதுகுவலியில் நிற்கும் கூட்டுணவு மரபு எனக்கும் வேண்டாம். ஆனால் அடை, வேலையைப் பங்கிட இடம் தரும் உணவு. மாவு மில்லில் அரைத்துக் கிடைக்கிறது. வெங்காயம் உரிப்பதும் கீரை ஆய்வதும் பிள்ளைகளால் முடியும்; இலையில் தட்டுவது இரண்டு மூன்று முறையில் யாருக்கும் கைவரும். கல்லருகே ஆள் மாறி மாறி நின்றால் எல்லாருக்கும் சூடான அடை கிடைக்கும். வாரத்தில் ஒரு மாலை இப்படிச் செய்து பாருங்கள். அன்று முதல் அடையை, வழக்கமாகக் கடைசியில் சாப்பிடுகிறவருக்குக் கொடுங்கள்.