ஒரு நாள் சோறு கூடுதலாக

நெடுநடைக்குக் கிளம்புகிற எல்லாரும் முதலில் தராசைத்தான் எடுப்பார்கள். பையில் கிராம் கிராமாகக் கழிப்பதில் ஒரு போதை இருக்கிறது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்து எறிந்த ஆள் நான், சிரிக்காதீங்க. அந்த வேகத்தில் கழித்துவிட்ட இன்னொன்று, அவசரத்துக்கென்று வைத்திருந்த ஒரு நாள் உணவு. சுமார் 700 கிராம். அந்த 700 கிராம் எதற்காக என்பது ஒரு ஓடையில் விழுந்து எழுந்த பிறகுதான் புரிந்தது.

இடம் ஸ்காட்லாந்தின் மேற்கு மலைகள். ஃபோர்ட் வில்லியமில் தொடங்கி பிரிட்டன் பெருநிலத்தின் வடமேற்கு முனையான கேப் ராத் வரை ஏறக்குறைய 370 கி.மீ. நடப்பதற்கு கேப் ராத் டிரெயில் என்று பெயர். (ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் படித்தால் ஏதோ கடுங்கோபம் மாதிரி இருக்கும். உண்மையில் பழைய நார்ஸ் மொழியில் 'திரும்பும் இடம்' என்று பொருள். வைக்கிங் கப்பல்கள் அங்கேதான் திசை திரும்பின.) பாதை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். அம்புக்குறி கிடையாது, இதுதான் தடம் என்று யாரும் வகுத்ததும் கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்து நாமே வழி பார்த்துக்கொள்ள வேண்டும். மரமும் அரிது. வரைபடத்தில் 'ஃபாரஸ்ட்' என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் மொட்டை மலை. அங்கே அந்தச் சொல்லுக்கு மான் வேட்டை நிலம் என்று அர்த்தம்.

இத்தனை மணி நேரத்தில் இத்தனை தூரம் என்று கணக்குப் போட மலையேறிகளிடம் ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. இப்போதைய வடிவில், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம். 20 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஐந்தரை மணி நேரம். எனக்குப் பதினொன்று ஆனது! பாதி மக்கிய பாசியும் புல்லும் நூற்றாண்டுக் கணக்கில் படிந்த சதுப்பு அது, 'பீட்' என்பார்கள். ஒரு கால் முழங்கால்வரை போகும், அதை இழுப்பதற்குள் மற்றது போகும். நெய்ஸ்மித் நல்ல தரையை நினைத்துச் சொன்னதை நான் சேற்றுக்குப் பொருத்தியது என் தப்பு.

சேறு தாமதப்படுத்தும், அவ்ளோதான். ஆளைக் கொண்டுபோவது ஓடை. மேற்கு மலைகளில் சில இடங்களில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் மழை. அடியில் கெட்டிப் பாறை, மேலே ஏற்கெனவே நிரம்பி வழிகிற பீட், செங்குத்துச் சரிவு. பெய்கிற மழைக்கு உள்ளே இறங்க இடமில்லை, நேரே ஓடைக்கு வந்துவிடும். காலையில் கல் தாவிக் கடந்த ஓடை மதியம் இடுப்பளவு இருக்கும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஆழம் கூடக்கூட உடம்பு லேசாகி, கால் தரையைப் பிடிப்பதும் குறையும். தொடையளவு தண்ணீர்தானே என்று இறங்கினால் இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டும்.

எனக்குக் காட்டியது. கிளென்ஃபினன் தாண்டி ஒரு கணவாய் இறங்கிய மதியம் அது. அந்த ரயில் பாலத்தை ஹாரி பாட்டர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்குக் கடை என்று நம்ப ஒன்றும் இல்லை. பையில் கணக்காக வைத்த சாப்பாடு. நின்றால் கடைசி நாள் பட்டினி. கலங்கிய நீரைப் பார்த்ததும் வேண்டாம் என்றுதான் தோன்றியது, ஆனா மனசு சாப்பாட்டுக் கணக்கையே போட்டது. இறங்கினேன். நடு ஓடையில் அடியில் ஒரு கல் உருண்டது. இருபது முப்பது அடி இழுத்துப்போய் ஒரு சரளைத் திட்டில் போட்டது. ஊன்றுகோல் ஒன்று போச்சு. இடுப்புப் பட்டையை முன்னமே கழற்றியிருந்ததால் பை என்னை அமுக்கவில்லை, அந்த ஒரு விஷயம் மட்டும் சரியாகச் செய்திருந்தேன்.

இத்தனைக்கும் இந்த ஓடைகள் ஏறுகிற மாதிரியே இறங்கியும் விடும். மழை விட்டுச் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு ராத்திரியில். அல்லது மேலே நடக்கலாம். மேலே போகப்போக ஓடை கிளை கிளையாகப் பிரியும், ஒவ்வொன்றும் சின்னது. கடக்கவே வேண்டுமென்றால் குறுகலான இடம் வேண்டாம், அகலமான இடமாகப் பார்க்க வேண்டும். அங்கேதான் ஆழமும் வேகமும் குறைவு. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். காத்திருக்கவும் சுற்றிப் போகவும் வேண்டியது நேரம், நேரத்துக்கு வேண்டியது சோறு. அதைத்தான் தராசில் கழித்துவிட்டிருந்தேன்.

அடுத்த முறை அந்த 700 கிராமை எடுத்துப்போனேன். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவும் பருப்பும் சுமார் 4. அதனால் உபரி என்பது பெரும்பாலும் வேர்க்கடலையும் வெண்ணெயும்தான். அதே பள்ளத்தாக்கு, அதே மாதிரி மழை. நீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைத்தேன். அரை மணியில் கல் மூழ்கியது. திரும்பி நடந்து 'பாத்தி'யில் படுத்தேன். பாத்தி என்பது மலையில் திறந்தே கிடக்கும் பழைய கல்வீடு. ஆடு மேய்த்தவர்களும் வேட்டைக் காவலர்களும் இருந்த வீடுகள். 1965இல் தொடங்கிய ஒரு தன்னார்வச் சங்கம் இப்படிச் சுமார் நூறு வீடுகளைப் பராமரிக்கிறது. பூட்டு இல்லை, வாடகை இல்லை, குழாயும் கழிப்பறையும் இல்லை. ஒரு மண்வெட்டி இருக்கும், புரிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். கல் காய்ந்து கிடந்தது, தண்ணீர் அதிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஓடியது. கடக்க நாலு நிமிஷம். அக்கரையில் சாக்ஸைப் பிழிந்து போட்டுக்கொண்டு, மிச்சக் கடலையை மென்றபடி வடக்கே நடந்தேன்.