கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் ஆமை பார்க்கலாமா?



பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் ஜார்ஜ் டவுன் பக்கம் போகும்போது, கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில் சுவெட்டன்ஹாம் துறைமேடையில் மாடி மாடியாக உயர்ந்து நிற்கும் உல்லாசக் கப்பல்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். முன்பெல்லாம் அவை நமக்கு வெறும் வேடிக்கை. இப்போது, தோட்டத்தை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்ட நம் சொந்தக்காரர்களே அந்தக் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். கப்பல் காலையில் வந்து மாலையில் புறப்பட்டுவிடும். வருவதற்கு முன்பே கைப்பேசியில் செய்தி வந்துவிடுகிறது: "மாமா, அங்கே கடலுக்குள் ஆமையோடு நீந்தலாமாமே! எட்டுப் பேருக்கு ஏற்பாடு செய்து வையுங்கள்."

முகத்தில் கண்ணாடிக் கவசம் மாட்டி, வாயில் மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு, நீரின் மேல் மிதந்தபடி கீழே பார்க்கும் இந்த நீச்சலை ஸ்நோர்கெலிங் என்கிறார்கள். பினாங்கில் அப்படி ஆமை பார்க்க முடியுமா? முடியாது. இதை முதலிலேயே உறவினரிடம் சொல்லிவிடுவது நல்லது.

காரணம் நமக்குத் தெரிந்த ஆறுகளிலேயே இருக்கிறது. வடக்கே மூடா ஆறு, நடுவே பிறை ஆறு, தெற்கே கிரியான் ஆறு ஆகிய மூன்றும் வண்டலைக் கொண்டுவந்து பினாங்கைச் சுற்றியுள்ள கடலில் கொட்டுகின்றன. மலாக்கா நீரிணையின் இந்தப் பகுதி ஆழமில்லாதது. கரையோரம் சேறும் கண்டல் காடும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல் அந்தச் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும். மழைக்கு மறுநாள் தோட்டத்து வாய்க்கால் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படி. ஆமை பக்கத்திலேயே நீந்தினாலும் கண்ணுக்குத் தெரியாது.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், கப்பலில் வந்த எங்கள் பெரியம்மா குடும்பத்துக்காக, "ஆமையோடு நீந்த வைக்கிறேன்" என்று சொன்ன ஒருவரிடம் முன்பணம் கட்டினோம். படகு சுற்றிச் சுற்றி வந்தது. நீரில் குனிந்த பிள்ளைகளுக்குத் தங்கள் கைவிரல்கூடத் தெரியவில்லை. ஒரு பையனின் காலில் ஜெல்லி மீன் பட்டு, சாட்டையால் அடித்ததுபோல் தடித்துவிட்டது. அவனைத் தேற்றித் துறைமேடைக்குக் கொண்டுவந்தபோது கப்பலேறும் நேரம் நெருங்கிவிட்டது. அக்காளைப் பார்க்க நிபோங் திபாலிலிருந்து வந்த எங்கள் சின்னம்மா காலையிலிருந்து அங்கேயே காத்திருந்தார். பல வருடம் கழித்துச் சந்தித்த இருவரும் பேசியது பத்து நிமிடம் இருக்கும். போன பணத்தைவிட அதுதான் எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்படியானால் பினாங்கில் ஆமையே இல்லையா? இருக்கிறது. தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பகாங்கை அடுத்துள்ள காட்டுப் பகுதி 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் கெராச்சுட் கடற்கரைக்குப் பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. தமிழ்நாட்டு மீனவர்கள் இதைப் பேராமை என்பார்கள். அவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிறிய இனமும் எப்போதாவது வரும். மீன்வளத் துறை அங்கே ஓர் ஆமைப் பாதுகாப்பு நிலையத்தை நடத்துகிறது.

தாய் ஆமை இரவில்தான் கரையேறும். பகலில் வரும் கப்பல் பயணிகள் அதைக் காண முடியாது. அதிர்ஷ்டம் இருந்தால், மணலில் டிராக்டர் போனதுபோல அது விட்டுச் சென்ற தடத்தைக் காணலாம். ஒரு குழியில் சுமார் நூறு முட்டைகள் இருக்கும். நிலையத்தார் அவற்றை எடுத்து, வேலியிட்ட மணலில் மறுபடி புதைத்து, தேதி எழுதிய அட்டை நடுவார்கள். செம்பனை நாற்றங்காலைப் பார்த்த நம் பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்துவிடும். ஏறக்குறைய 50 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். முட்டைக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண். அதனால் கூட்டுக்கு மேல் நிழல் இருப்பதும் இல்லாததும்கூடப் பெரிய விஷயம். பொரித்த குஞ்சுகளைத் தொட்டிகளில் வைத்திருந்தால் அருகில் நின்று பார்க்கலாம். கை வைக்கக் கூடாது, படமெடுக்கும் விளக்கைப் பாய்ச்சக் கூடாது.

கடற்கரைக்குப் பின்னால் ஓர் ஏரி உண்டு. அடியில் உப்பு நீர், மேலே நல்ல நீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மழையில்லாத காலத்தில் போனால் வற்றிக் கிடக்கலாம்.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கப்பலில் எல்லாரும் ஏற வேண்டிய கடைசி நேரம் மாலை 4.30 என்று வைத்துக்கொள்வோம். 3 மணிக்கு நாம் துறைமேடைக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு 1.30க்குள் தெலுக் பகாங்கை விட வேண்டும். பத்து பெரிங்கி சாலை வளைந்து நெளிந்து போவது, விடுமுறை நாளில் வண்டிகள் ஊர்ந்துதான் நகரும். அப்படியானால் 1 மணிக்குக் கெராச்சுட்டில் படகேற வேண்டும். காலை 8.30க்கு வேன் புறப்பட்டால், பூங்கா வாசலில் பெயர் பதிந்து, படகேறி, ஏறக்குறைய 10.30க்குக் கடற்கரையில் இருக்கலாம். வெல்ட் கீயிலிருந்து தெலுக் பகாங்குக்கு 101ஆம் எண் பேருந்து ஓடுகிறது. செலவு குறைவுதான், ஆனால் கப்பல் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்களை அதில் ஏற்ற எங்களுக்குத் துணிவில்லை.

கடிகாரத்திலும் ஒரு வம்பு இருக்கிறது. தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. புக்கெட்டிலிருந்து வரும் கப்பலில் உறவினர் வந்தால், அவர் கைக்கடிகாரத்தை மாற்றினாரா, கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கியவுடனே கேளுங்கள்.

காட்டுப் பாதையில் நடந்தும் கெராச்சுட் போகலாம். ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், ஏற்ற இறக்கம் உண்டு. கப்பலில் வந்தவர்களுக்கு அது வேண்டாம். படகை ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல், முழுப் படகுக்கும் போக வர என்று பேசுங்கள். எட்டுப் பேர் பகிர்ந்தால் பாரம் தெரியாது. திரும்ப அழைத்துப் போகும் நேரத்தைப் படகுக்காரர் வாயால் சொல்ல வைத்து, ஒரு பகுதிப் பணத்தைத் திரும்பிய பிறகு கொடுப்பது உத்தமம். மிதவைச் சட்டை எல்லாருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து புயற்காற்று அடித்த நாளில் படகுக்காரர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பூங்காக் கட்டணம், பாதை திறந்திருக்கிறதா, நிலையத்தில் அன்று ஆள் இருப்பார்களா என்பதையெல்லாம் முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடலாம். அங்கே கடை கிடையாது. தண்ணீரும் சோறும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பையை மூடி வையுங்கள், குரங்குகள் சும்மா விடாது.

கெராச்சுட் கடலில் இறங்கிக் குளிக்கக் கூடாது. இழுப்பும் உண்டு, கடுமையாகக் கொட்டும் ஜெல்லி மீனும் உண்டு. தண்ணீர் அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து. ஒரு போத்தல் வினிகர் பையில் இருக்கட்டும். கொட்டிய இடத்தைத் தேய்க்காமல் வினிகரை ஊற்றி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

நீந்தித்தான் பார்ப்பேன் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதே கப்பல் லங்காவியில் நின்றால், அங்கிருந்து பாயார் தீவுக்குப் போய்ப் பவளப் பாறையும் மீன்களும் பார்க்கலாம். ஆமைக்குக் கிழக்குக் கரைதான். கோலா பெசுட்டிலிருந்து படகில் போகும் பெர்ஹெந்தியான் தீவுகளில் பச்சை ஆமைகள் கடற்புல் மேய்வதைத் தெளிந்த நீரில் காணலாம். ஆனால் ஆண்டுக் கடைசியில் பருவ மழை தொடங்கினால் அங்கே படகு ஓடுவது அரிது.

ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டிய பிராணி. பத்துப் பேர் சூழ்ந்துகொண்டால் அது மூச்சுக்கே தவிக்கும். சிறு குழுவாகப் போவது இதற்காகத்தான். திரெங்கானுவில் ரந்தாவ் அபாங் கடற்கரைக்கு 1950களில் ஏழுவரி ஆமைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. முட்டையை அள்ளி விற்றோம், வலையில் சிக்கிச் செத்தன, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதுகில் ஏறி உட்கார்ந்து படமும் எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் கரையில் அவை ஏறக்குறைய இல்லை. ஆமை முட்டை விற்பனைக்குத் திரெங்கானு அரசு முழுத் தடை போட்டது 2022ஆம் ஆண்டில்தான்.

இன்னொன்று. குழுவில் இருக்கும் மூத்தவர்கள் எல்லாரும் படகேற வேண்டியதில்லை. போன தடவை பெரியம்மா மறுபடி வந்தபோது, பிள்ளைகளை மட்டும் கெராச்சுட்டுக்கு அனுப்பினோம். அவரும் சின்னம்மாவும் குட்டி இந்தியாவில் காலைப் பசியாறிவிட்டு, எஸ்பிளனேட் மரத்தடியில் 3 மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வந்து ஆமைக் கதை சொன்னபோது இருவருமே சரியாகக் கேட்கவில்லை.