நித்தியகல்யாணி: கைவைத்தியத்தில் கவனம் தேவை

சாலையோரத்திலும் வீட்டு வாசலிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. மலாய்க்காரர்கள் ‘கெமுந்திங் சீனா’ என்பார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு.

இனிப்பு நீர் நோய்க்கு இதன் இலையையும் பூவையும் கொதிக்க வைத்துக் குடிப்பது பழைய நாட்டு வைத்தியம். ஜமைக்காவிலும் இவ்வழக்கம் உண்டு. அங்கிருந்து வந்த இலைகளை 1950களில் கனடாவில் எலிகளிடம் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, சாற்றை ஊசியில் செலுத்தியபோது வெள்ளை இரத்த அணுக்கள்தான் குறைந்தன! அதிலிருந்து பிறந்ததே வின்பிளாஸ்டின் எனும் புற்றுநோய் மருந்து. இதே செடி தந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

அணுக்களையே அழிக்கும் சத்து கசாயத்தில் எவ்வளவு இறங்கும் என்று வீட்டில் அளக்க முடியுமா? கர்ப்பிணிகள் இதை அறவே குடிக்கக் கூடாது. இனிப்பு நீருக்கு மாத்திரை உண்பவர்கள், அதை நிறுத்திவிட்டு இதை நம்ப வேண்டாம். மருத்துவரைக் கேளுங்கள்.