கோடை விடுமுறை: வீட்டுச் சிக்கனமும் ஊர் உரிமையும்

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடப்பட்டதும் தமிழ்நாட்டு வீடுகளின் நாளாந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பகலெல்லாம் பூட்டிக் கிடந்த வீட்டில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். ஃபேன் நிற்பதில்லை, ஃபிரிட்ஜ் கதவு ஓயாமல் திறக்கப்படுகிறது, குளியல் இரண்டு வேளையாகிறது. உறவினர் வருகிறார்கள். காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் திருவிழா, கோயில் கொடை என ஊர்கூடும் நிகழ்ச்சிகளில் பலவும் இந்த வாரங்களில்தான் வருகின்றன. வசதியுள்ளவர்கள் மலைக்குக் கிளம்புகிறார்கள். இப்படி எல்லாமே கூடுகிற நேரத்தில்தான் ஏரியும் கிணறும் அடி தெரியக் கிடக்கின்றன. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டு, அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்கு நீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்த நெருக்கடிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து சிக்கனம். குழாயை மூடு, விளக்கை அணை, துணிப்பை எடுத்துப் போ என்று ஆண்டுதோறும் அறிவுரை வருகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆனால் அது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. நீரும் மின்சாரமும் குப்பையும் வாசலுக்கு வெளியே ஓர் அமைப்பைச் சார்ந்தவை. அந்த அமைப்பு சரியாக இயங்க வேண்டும் என்று கேட்கும் உரிமை சட்டப்படி நமக்கு உண்டு. வீட்டில் நாம் செய்யும் மாற்றத்தோடு அந்த உரிமையையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் கோடைச் சிக்கனத்துக்குப் பலன் இருக்கும். குடும்பம் முழுவதும் ஊரில் இருக்கும் விடுமுறைக் காலம் இரண்டையும் செய்ய ஏற்றது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கோடையில் முதலில் காய்வது, குறைவாகப் பயன்படுத்துகிறவர்களின் குடம்தான். அடுக்குமாடியின் ஆழ்துளைக் கிணறு பல நூறு அடியிலிருந்து இழுக்கும்போது, பக்கத்துத் தெருவின் அடிபம்பில் காற்றுதான் வருகிறது. மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கான திட்ட அளவு 135 லிட்டர். குழாயைக் காருக்கு நேரே பிடித்துக் கழுவும் வீடு, ஒரு கிராமத்தவரின் நாளளவைச் சில நிமிடங்களில் செலவழித்துவிடும். வாளியும் துணியும் போதும் என்பது இங்கே நியாயம் சார்ந்த கேள்வியாகிறது. ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டித் தள்ளும் நீரைப் பிடித்து வைத்தால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். தூய நீரும் காற்றும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுபாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே பத்து நாளாகக் குழாயில் நீர் வராத தெருவினர் சலுகை எதையும் வேண்டி நிற்கவில்லை. தமக்கு உரியதைக் கேட்கிறார்கள்.

நீரைக் குறைத்துச் செலவழிப்பதைவிடப் பெரிய வேலை, அதை நிலத்துக்குள் திருப்பி அனுப்புவது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அமைப்புகள் கட்டப்பட்டன, பல வீடுகளில் அதன்பின் யாரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் சில ஆண்டுகளில் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும், நீர் உள்ளே இறங்காது. மே மாதத்தில் அந்தக் குழியைத் தோண்டி, கல்லையும் மணலையும் அலசிக் காயவைத்து மறுபடி நிரப்புவதும், மொட்டை மாடியைப் பெருக்கி வடிகுழாய்களில் அடைந்த சருகை எடுப்பதும் ஒரு குடும்பம் தானே செய்யக்கூடிய வேலைகள். ஊர் அளவில் இதற்கு இணையானது ஏரி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் இருக்கின்றன. வண்டல் எடுக்கக் கோடையே பருவம். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி வண்டல் மண் எடுக்கலாம் என்று 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. வரத்துக் கால்வாயை யாரேனும் அடைத்துக் கட்டியிருந்தால், அதை அகற்றக் கேட்பதற்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வண்டல் எடுப்பு என்ற பெயரில் ஏரியைப் பள்ளமாக்கி மண் விற்பவர்களும் உண்டு. அனுமதி எவ்வளவுக்கு, எடுப்பது எவ்வளவு என்று ஊர்க்காரர்கள் கேட்டுப் பார்ப்பதுதான் அதற்குக் காவல்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. புதிய ஏசி இயந்திரங்களின் இயல்பு வெப்பநிலை 24 பாகை என்று 2020 முதல் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டாலே போதும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறுகிறது என்பதால், பில் பார்க்கும் வீட்டுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சொந்த மாடி உள்ளவர்களுக்கு 2024-இல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே ஃபேனில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் போய் மின்சிக்கனம் பேசுவது கொடுமை. அந்த வீட்டுக்குத் தேவை இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி. வெப்ப அலையை 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. வெயிலில் விழுந்து இறந்தவருக்கு வெப்பத்தைக் காரணமாகக் குறிப்பிட்ட மருத்துவச் சான்று இல்லாவிட்டால் அந்த நிவாரணத்தைக் கேட்டு வாங்குவது கடினம். கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி எட்ட வேண்டும்.

குப்பைதான் கோடையின் மிகப் பெரிய, மிகக் குறைவாகப் பேசப்படும் கேள்வி. தர்பூசணித் தோல், இளநீர்க் கூடு, மாங்கொட்டை, பலாச்சுளை எடுத்தபின் மிஞ்சும் சக்கை என்று இந்த மாதங்களின் குப்பை கனமானது, ஈரமானது. திறந்துகிடக்கும் இளநீர்க் கூட்டில் ஒரு கோடை மழை தேங்கினால் டெங்கு கொசு முட்டையிட அது போதும். ஈரக் குப்பை மற்றதோடு கலந்து குப்பைமேட்டில் அமுங்கும்போது காற்றில்லாமல் அழுகி மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது, எளிதில் தீப்பற்றுவதும்கூட. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னையின் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் மேட்டைச் சுற்றி வாழும் மக்கள். மேட்டில் கிடந்த குப்பையோ நகரம் முழுவதிலும் இருந்து வந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், அதே ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம்.

நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கக்கூடியது. அதை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மேட்டுக்குப் போவது பாதியாகும். துளையிட்ட மண்தொட்டியில் காய்கறித் தோலையும் அதன்மேல் காய்ந்த சருகு அல்லது தென்னைநார்த் துகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, வாரத்துக்கு இரண்டு முறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகிவிடும். கோடையில் தொட்டி சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் ஈரம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சியோ நாற்றமோ வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். விடுமுறையில் பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். விடுமுறையை வகுப்பாக்கிப் பிள்ளைகளின் விளையாட்டைப் பறிக்கக்கூடாது என்பவர்களின் கவலை நியாயமானது. கட்டுரைப் போட்டியும் உறுதிமொழியும் வேண்டாம், தொட்டியைக் கிளறட்டும், விளைந்ததைப் பார்க்கட்டும்.

நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள், பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்? எல்லாத் தெருவிலும் கேட்கும் இந்தக் கேள்வி சோம்பலில் பிறந்ததில்லை. பல இடங்களில் அது கண்ணால் கண்ட உண்மை. ஆனால் வண்டியில் கலப்பது உள்ளாட்சியின் விதிமீறல். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரர் பிரிப்பதைக் கடமையாக்கியது போலவே, பிரித்ததைத் தனித்தனியே வாங்கிக் கையாள்வதை உள்ளாட்சியின் கடமையாக்கின. பிரிக்காமல் கொடுப்பவருக்கு இதைத் தட்டிக்கேட்க வாயில்லை. பிரித்துக் கொடுப்பவருக்கு உண்டு. புகாருக்கான தொலைபேசி எண் சென்னையில் 1913, மாநிலம் முழுவதற்கும் முதல்வரின் உதவி மையம் 1100. வண்டி எண், தேதி, நேரத்தோடு புகார் பதிந்து அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு: எங்கள் வார்டில் பிரித்து வாங்கிய மக்கும் குப்பை எந்த உரக்கூடத்துக்குப் போகிறது, மாதம் எத்தனை டன்? முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். துப்புரவுப் பணியாளரிடம் சண்டை போடுவது மட்டும் கூடாது. ஒரே தொட்டி உள்ள வண்டியை அவர் கையில் கொடுத்தது நிர்வாகம்.

விருந்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களில் தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு இருப்பது பலருக்குத் தெரியும். பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் அதே பட்டியலில் இருப்பது தெரியாது. காகிதக் கோப்பை என்றால் மக்கிவிடும் என்ற நம்பிக்கையில் நீர்மோர்ப் பந்தல்களில் ஆயிரக்கணக்கில் அவை குவிகின்றன. எவர்சில்வர் தம்ளரும் கழுவ ஒரு தொட்டியும் வைத்தால் தண்ணீர் கூடுதலாகச் செலவாகுமே என்பது நல்ல கேள்விதான். வாழையிலையும் கழுவிய தம்ளரும் முழுத் தீர்வு இல்லை. ஆனால் கழுவிய நீர் செடிக்குப் போகும். எறிந்த கோப்பை கால்வாயை அடைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் தெருவுக்கே திரும்பி வரும். உரிமம் பெற்ற மண்டபத்துக்கு வெளியே நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்பதும் 2016 விதிகளில் எழுதப்பட்டது. திருவிழாக் குழுக்கள் இதைச் செய்தால், மறுநாள் காலையில் மைதானத்தில் குப்பையை எரிக்கும் பழக்கமும் தானே நிற்கும்.

நல்ல மனம் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும் என்பதற்கு நீலகிரி சான்று. காட்டோரம் எறியப்பட்ட மதுபாட்டில்களின் உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழித்தது. எச்சரிக்கைப் பலகைகள் பலன் தரவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பின் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கும் திட்டம் அங்கே வந்தது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும் நீதிமன்ற உத்தரவால்தான். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. சீசன் வருமானத்தை நம்பியிருக்கும் கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் இதை எதிர்த்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: எண்ணிக்கையைக் குறைக்கும்போது முதல் அடி சிறு வியாபாரிக்கே. வரம்பு வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் வழி தெரியும். நான்கு பேர் ஒரு காரில் ஏறுவதற்குப் பதில் பேருந்தில் போனால் மலைக்கு நெரிசல் குறையும், வியாபாரம் குறையாது.

பெரிய மாசு தொழிற்சாலைகளிடமிருந்து வரும்போது வீட்டுக்காரனைப் படுத்துவானேன் என்பது எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். பாலாற்றைத் தோல் கழிவு பாழாக்கியபோது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படி வந்ததுதான். தங்கள் கிணற்றையும் ஆற்றையும் கவனித்து வந்த மக்களே பெரிய மாசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள். பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமையே என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

ஆனால் அவ்வளவு தூரம் போகும் முன் ஊரிலேயே ஒரு மேடை இருக்கிறது. ஆண்டின் கிராம சபைக் கூட்டங்களில் ஒன்று மே 1 அன்று, விடுமுறையின் நடுவில் வருகிறது. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அதில் பேசலாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டுக்குள்ளேயே பகுதி சபை உண்டு. எந்த ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி தந்திருக்கிறார்கள், பேருந்து நிறுத்தத்தில் குடிநீரும் நிழலும் எப்போது வரும், மக்கும் குப்பை எங்கே போகிறது என்று இந்த மூன்றையும் அங்கே கேளுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள்.