வலியில்லாத நோய்க்கு மருந்து எதற்கு?

சிம்மக்கல்லில் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் செபப் புத்தகத்தைத் தடையின்றி வாசிப்பார். ஆயினும் வாயிற்படியில் இடறுவார், அருகில் நிற்பவர்மீது மோதுவார். "வயதாகிவிட்டது, சாமி" என்பார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான், கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் அவருடைய பக்கப் பார்வையைப் பெரிதும் விழுங்கிவிட்டதை அறிந்தோம். இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்கலாம் என்றார் மருத்துவர்.

கண்ணினுள் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வைகைப் பாசனம் கண்ட நமக்கு இது எளிதில் விளங்கும்: வரத்து குறையாதிருக்க மதகு அடைபட்டால் கரை தாங்காது. கண்ணில் அவ்வாறு மிகும் அழுத்தம் பார்வை நரம்பைச் சிதைக்கிறது.

அடைப்புக்குக் காரணம் பல. ஆதலின் சிகிச்சையும் பல. வடிகால் திறந்திருந்தும் உள்ளே மெல்லத் தூர்ந்துபோவது ஒரு வகை. இதில் வலி இராது. சொட்டு மருந்தைப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நாள் தவறாது இட வேண்டும். தேவையெனில் லேசரும் அறுவையும் உண்டு. கண்ணின் நிறத்திரை முன்தள்ளி வடிகாலின் வாயை மூடுவது மற்றொரு வகை. இதில் திடீரெனக் கடும் வலியும் வாந்தியும், விளக்கைச் சுற்றி வானவில் வளையமும் தோன்றலாம். உடனே மருத்துவமனை சேர வேண்டும். லேசரால் நிறத்திரையில் சிறு துளையிட்டு வழி திறப்பர். காயம், முற்றிய கண்புரை, ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றாலும் இந்நோய் வரும். அங்கே மூலகாரணத்தை நீக்குவதே முதற்பணி. ஆகவே அடுத்த வீட்டாரின் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி இடாதீர்கள்.

இயல்பான அழுத்தத்திலும் சிலருக்கு நரம்பு நலிவதுண்டு. எனவே அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் பரிசோதிக்க வேண்டும்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் மருத்துவர்கள் தென் தமிழகச் சிற்றூர்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. வடிகால் திறந்த வகையினரில் நூற்றுக்கு 93 பேர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர்!

இந்நோய் குடும்பவழி வருவதால், மூதாட்டியின் மக்களையும் பரிசோதிக்கச் செய்தோம். மூத்த மகனுக்கு நோய் தொடக்க நிலையில் இருந்தது. "வலியே இல்லையே சாமி, மருந்து எதற்கு?" என்றார். தாயின் கைத்தடியைச் சுட்டினோம். அன்றிரவே மருந்து இடத் தொடங்கினார்.

அன்பர்களே, நாற்பதைக் கடந்தோர் ஒருமுறையேனும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின் தாமதியாதீர்கள்.