சீட்டின் கடைசிப் பெயர்



எமது வீடுகளில் பெண்கள் பிடிக்கும் சீட்டை நீங்கள் அறிவீர்கள். பதின்மூன்று பேர் மாதந்தோறும் பத்தாயிரம் ரூபாய் வீதம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் முதற் சீட்டு; 2022 செப்டம்பரில் கடைசிச் சீட்டு. முதலாமவர் பெற்றதும் 1,30,000 ரூபாய். கடைசியானவர் பெற்றதும் அதுவே. ஆயினும் அந்த ஓராண்டில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 சதவீதத்தால் உயர்ந்திருந்தது. முன்னர் சுமார் 76,500 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களையே கடைசியானவர் தமது 1,30,000 ரூபாய்க்கு வாங்க முடிந்தது. எவரும் மோசடி செய்யவில்லை, கணக்கும் பிசகவில்லை. முதலில் எடுத்தவர் கனத்த பணத்தைப் பெற்று, இலேசான பணத்தைத் திருப்பிக் கட்டினார்.

நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 2020 முதல் மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உருவாக்கி, அரசின் திறைசேரி உண்டியல்களைப் பெருமளவில் வாங்கியது. ஆக, முதற் சீட்டை எடுத்தது அரசு. வட்டி வீதம் தாழ்ந்திருந்த அக்காலத்தில் கடன்பட்டுக் காணி, கட்டடம் வாங்கியோர் அடுத்து எடுத்தனர். நாட்கூலி பெறுவோரும் ஓய்வூதியரும் கடைசிப் பெயர்களாயினர். டொலர் தட்டுப்பாடும் 2022 மார்ச்சில் தொடங்கிய ரூபாயின் வீழ்ச்சியும் இதனுடன் சேர்ந்துகொண்டன என்பதை மறைக்கலாகாது. அந்தச் செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் மட்டும் 94.9 சதவீதம். வருமானத்தின் பெரும்பகுதியை அரிசிக்கும் பருப்புக்கும் செலவிடும் குடும்பத்துக்கு 69.8 என்பது குறைத்துச் சொன்ன எண்ணேயாகும்.

மருந்தும் எல்லோருக்கும் ஒரேவிதமாய்க் கசக்கவில்லை. 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தனது கடன் வழங்கல் வீதத்தை 7.50 இலிருந்து 14.50 சதவீதமாக உயர்த்தியது. கடனில் சரக்கெடுக்கும் சிறு வியாபாரி தடுமாறினார். கையில் பணம் இருந்தவருக்கோ, ஆண்டிறுதியில் 91 நாள் திறைசேரி உண்டியல் 30 சதவீதத்துக்கும் மேல் தந்தது. (வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு தெளிவானது, பணம் சென்ற வழியையே இங்கு பேசுகிறேன்.)

2023 டிசம்பரில் பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்தது. விலைகள் இறங்கிவிட்டன என்று பலர் விளங்கிக்கொண்டனர். ஏறும் வேகமே குறைந்தது. கடைசிச் சீட்டுக்காரர் இழந்தது திரும்பி வரவில்லை.

மஹரைப் பிற்படுத்தி ரூபாயில் எழுதிக்கொண்ட மணமகளும் அக்கடைசிப் பெயர்களுள் ஒருத்தியே. பவுனில் எழுதப்பட்ட மஹர் அவ்வாறு கரையவில்லை. டொலருடன் சேர்ந்து பவுனின் விலையும் ஏறியது.